உயிரணுவழித் தொற்றுச் சிகிச்சை

கிருமியைக் கொல்லும் மருந்துக்குப் பதிலாக, கிருமியை அழிக்கவல்ல வெள்ளையணுக்களையே நோயாளிக்கு ஏற்றியோ, அவர் உடலில் இருப்பவற்றைத் தூண்டிவிட்டோ தொற்றைக் குணப்படுத்தும் முறை. இந்த எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. ஆனால் நம்பத்தகுந்த மருத்துவமாக அது உருப்பெற்றது 1990களில்தான். இன்றும் இதனால் பயன்பெறுவோரில் பெரும்பாலோர் எலும்பு மஜ்ஜை மாற்றோ உறுப்பு மாற்றோ செய்துகொண்டவர்களே.

1882இல் இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விலங்கியலாளர், சிசிலித் தீவின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளம் உயிரிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும் அளவுக்கு ஒளி ஊடுருவும் உடல் அவற்றுக்கு. வீட்டுத் தோட்டத்திலிருந்து ரோஜா முட்களைப் பறித்து அந்த உடலில் குத்திவைத்தார். மறுநாள் காலையில், நகரும் அணுக்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. அடுத்து, நீர்த்தெள்ளுப் பூச்சிக்குள் புகும் பூஞ்சை வித்துகளைக் கவனித்தார். அணுக்கள் வித்துகளை விழுங்கிச் செரித்துவிட்டால் பூச்சி பிழைத்தது; வித்துகள் முந்திக்கொண்டால் செத்தது. 1884இல் இதை வெளியிட்டார். ஜெர்மன் அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை. நோய் எதிர்ப்பாற்றல் இரத்த நீரில்தான் இருக்கிறது என்றார்கள். 1890இல் வந்த டிப்தீரியா எதிர்நச்சு அவர்கள் பக்கம் பேசியது. 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசை மெச்னிகோவுக்கும், இரத்த நீர்க் கட்சியின் பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளித்தார்கள். ஆனால் மருத்துவமனைக்குள் நுழைந்தது எர்லிக்கின் கட்சி மட்டுமே.

விழுங்கணுக்களைச் சிகிச்சைக்குப் பயன்படுத்த முதலில் துணிந்தவர் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் ஆல்ம்ரோத் ரைட். இரத்த நீரிலுள்ள சில பொருள்கள் கிருமிமேல் படிந்து, அதை விழுங்கணுக்களுக்கு ஏற்ற இரையாக்குகின்றன என்று 1903இல் அவரும் ஸ்டூவர்ட் டக்ளஸும் கண்டறிந்தனர். கொன்ற கிருமிகளை ஊசியில் ஏற்றினால் அப்பொருள்கள் பெருகும், சீழ்க்கட்டி முதல் காசநோய் வரை குணமாகும் என்று ரைட் நம்பினார். 1906இல் பெர்னார்ட் ஷா எழுதிய ‘தி டாக்டர்ஸ் டைலமா’ நாடகத்தின் மருத்துவர் இவரை மனத்தில் வைத்து உருவானவரே. அப்பொருள்களை அளக்க ரைட் கையாண்ட முறை ஆளுக்கு ஆள் வேறு முடிவு தந்தது, பலனும் உறுதிப்படவில்லை. இந்தச் சிகிச்சையைப் பின்னுக்குத் தள்ளிய பெனிசிலினை 1928இல் கண்டவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். அவர் வேலை பார்த்ததும் ரைட்டின் துறையில்தான்.

அணுக்களின் பக்கம் ஆய்வாளர்களின் கவனத்தைத் திருப்பியது மெரில் சேஸ் 1945இல் கினிப் பன்றிகளில் செய்த சோதனை. காசநோய்க் கிருமிப் புரதத்துக்கு ஒரு விலங்கு காட்டும் தோல் எதிர்வினை, அதன் இரத்த நீரை இன்னொரு விலங்குக்கு ஏற்றியபோது மாறிச் செல்லவில்லை. அணுக்களை ஏற்றியபோது சென்றது. அதன்பின் 1961இல், டி அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் முதிரும் தைமஸ் சுரப்பியின் பணியை ஜாக் மில்லர் விளக்கினார். வைரஸ் தொற்றிய அணுவைக் கொல்லும் டி அணுக்கள், தமக்குப் பொருந்தும் திசு வகையில் மட்டுமே வைரஸை அடையாளம் காண்கின்றன என்று 1974இல் கான்பெராவில் ட்சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் காட்டினர். கண்ட எவருடைய அணுவையும் ஏற்றிவிட முடியாது என்பது இதனால் தெளிவாயிற்று. 1976இல், அணு வளர்ச்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்ற புரதம் கண்டறியப்பட்ட பிறகு டி அணுக்களைக் குடுவையில் நீண்ட நாள் வளர்க்கவும் வழி பிறந்தது.

திருப்பம் சியாட்டிலில் நிகழ்ந்தது. மஜ்ஜை மாற்றுக்குப் பின் எதிர்ப்பாற்றல் அற்றுப்போனவர்களைச் சைட்டோமெகாலோ வைரஸ் எளிதில் கொல்லும். மஜ்ஜை தந்தவரிடமிருந்தே அந்த வைரஸை அறிந்த டி அணுக்களைப் பிரித்து, கோடிக்கணக்கில் பெருக்கி, வாரம் ஒன்றாக நான்கு முறை ஏற்றினார்கள் ரிடெல், கிரீன்பெர்க் குழுவினர். 1995இல் வெளியான முடிவில், சிகிச்சை பெற்ற 14 பேரில் ஒருவருக்கும் அந்த வைரஸ் நோய் வரவில்லை. ரைட் தோற்ற இடத்தில் இவர்கள் வென்றதற்குக் காரணம், என் கணிப்பில், நோயாளியைத் தேர்ந்த விதமே. வேலை செய்துகொண்டிருக்கும் படையை மேலும் முடுக்க முயன்றார் ரைட். சியாட்டில் குழுவினரோ படையே இல்லாதவருக்குப் படை அனுப்பினார்கள்.

எப்ஸ்டைன்-பார் வைரஸால் வரும் நிணநீர்க் கட்டிகளுக்கு, நியூயார்க்கில் கொடையாளரின் வெள்ளையணுக்களைப் பிரிக்காமல் அப்படியே ஏற்றிப் பார்த்தார்கள். 1994இல் வெளியான அந்த ஆய்வில் ஐவருக்கும் கட்டி கரைந்தது. எனினும் இருவர் நுரையீரல் செயலிழந்து இறந்தனர். மெம்ஃபிஸில் ரூனி, ஹெஸ்லாப், பிரென்னர் ஆகியோர் அந்த வைரஸைத் தாக்கும் அணுக்களை மட்டும் வளர்த்து ஏற்றினர். அடையாள மரபணு செருகப்பட்ட அந்த அணுக்களில் சில ஒன்பது ஆண்டுகள் வரை நோயாளி உடலில் தென்பட்டன.

எல்லா வெள்ளையணுவும் இப்படிக் கைகொடுக்கவில்லை. நியூட்ரோஃபில் அணுக்களை ஏற்றும் முறை 1960களிலிருந்தே உண்டு; 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. தூண்டிவிடும் வழியில் தேறியது காமா இன்டர்ஃபெரான் என்ற புரதம். விழுங்கணுக்களில் பிறவிக் குறை உள்ள நோயாளிகளுக்குக் கடும் தொற்றுகளை அது வெகுவாகக் குறைப்பது 1991 ஆய்வில் உறுதியானது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அணு வளர்க்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நோயாளி இறந்துவிடலாம். ஆகவே எடின்பரோவில் ஹேக், கிராஃபோர்ட் குழுவினர் இரத்தக் கொடையாளர்களின் டி அணுக்களை முன்கூட்டியே வளர்த்து உறைநிலையில் சேமித்தனர். திசு வகை ஓரளவு பொருந்தினாலே எடுத்துக் கொடுக்கலாம். இவ்வகையில் உருவான டாபெலெக்லூசெல் என்ற அணு மருந்து 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதி பெற்றது. ஒரே புட்டியில் ஆறு வைரஸ்களுக்கான அணுக்களைத் தந்த போசோலூசெல்லுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. பலன் கிடைக்கும் அறிகுறி இல்லை என்று அதன் மூன்றாம் கட்ட ஆய்வுகள் மூன்றும் 2023 டிசம்பரில் நிறுத்தப்பட்டன.