கலை பண்பாட்டுத் துறை: முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை

கலை பண்பாட்டுத் துறை என்பது, இசை, நடனம், நாடகம், ஓவியம், சிற்பம், நாட்டுப்புறக் கலைகள் ஆகியவற்றைப் பயிற்றுவித்தல், அவற்றையே ஜீவனமாகக் கொண்ட கலைஞர்களை ஆதரித்தல், விழாக்களின் வாயிலாக அக்கலைகளைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தல் என்னும் மூவகைக் கடமைகளின் பொருட்டுத் தமிழ்நாடு அரசு 1991ஆம் ஆண்டில் தனி இயக்ககமாக அமைத்த நிர்வாகப் பிரிவாகும். இதன் தலைமை அலுவலகம் சென்னையில் இருப்பினும், ஒரு மாநில அரசு பண்பாட்டுக்காக எவ்வெவ்வாறு உழைக்கிறது, அவ்வுழைப்பு எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்பதைக் கண்ணால் கண்டு அறிய விரும்புவோர், செங்கற்பட்டு மாவட்டத்தில் முட்டுக்காட்டுக் கழிமுகத்திலிருந்து தெற்கே மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரையைப் பார்ப்பதே சாலச் சிறந்தது. கல்லூரி, கோயில், நினைவுச் சின்னம், அருங்காட்சியகம், நாட்டிய மேடை, படகுத் துறை, உளிச் சத்தம் ஓயாத சிற்பக் கூடம் ஆகிய அனைத்தும் அச்சிறிய நிலப்பரப்புக்குள் அடங்கியிருக்க, அவற்றை ஆளும் அதிகாரமோ வெவ்வேறு கைகளில் இருக்கின்றது.

இப்பிரிவினைக்கு மூலகாரணம் அரசியல் சாசனத்திலேயே உள்ளது. சாசனத்தின் ஏழாம் அட்டவணை, மாநிலத்தின் நூலகங்களையும் அருங்காட்சியகங்களையும் நாடக அரங்குகளையும் மாநிலப் பட்டியலில் வைத்து, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அறிவிக்கப்பெற்ற பண்டைச் சின்னங்களை மட்டும் மத்திய அரசின் பொறுப்பாக்கியது. அதன்படி மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் ஐந்து இரதங்களும் அருச்சுனன் தபசுப் பாறையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. அத்தபசுப் பாறைக்கு அருகிலேயே நித்திய பூஜை நடக்கும் தலசயனப் பெருமாள் கோயிலோ இந்து சமய அறநிலையத் துறையின் பரிபாலனத்துக்கு உட்பட்டது. ஆண்டுதோறும் மார்கழி, தை மாதங்களை ஒட்டி வெளிநாட்டாரும் வந்து காணும் மாமல்லபுரம் நாட்டிய விழாவை நடத்துவது சுற்றுலாத் துறை. முட்டுக்காட்டில் 1984 முதல் படகுக் குழாமை நடத்தி வருவது சுற்றுலா வளர்ச்சிக் கழகம். சிற்பிகளின் கைவினைப் பொருள்களைப் பூம்புகார் என்னும் பெயரில் வாங்கி விற்பது, 1973இல் தொடங்கப்பெற்ற கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம். இத்தனைக்கும் நடுவே கலை பண்பாட்டுத் துறைக்கு உரியதாக மாமல்லபுரத்தில் நிற்பது ஒரு சிற்பக் கல்லூரி மட்டுமே. ஆனால், இத்துறையின் பயனை மதிப்பிடப் புகுவோர் முதலில் எண்ண வேண்டியதும் அக்கல்லூரியையே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

அரசு கலைகளைப் போஷிக்க நேர்ந்த வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். கோயில்களும் மடங்களும் சமஸ்தானங்களும் ஜமீன்தார்களும் கலைவாணர்களுக்குப் புரவலர்களாக இருந்த காலம், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடும் சமஸ்தானங்களின் இணைப்போடும் முடிவுக்கு வரவே, அந்த இடத்தை நிரப்பும் கடமை மக்களாட்சி அரசின்மேல் விழுந்தது. சென்னை அரசாங்கம் 1949இல் கர்நாடக சங்கீதத்துக்கென ஒரு கல்லூரியை நிறுவி, முசிறி சுப்பிரமணிய ஐயரை அதன் முதல் முதல்வராக அமர்த்தியது. மத்திய அரசு சங்கீத நாடக அகாதெமியை ஏற்படுத்தியதைத் தொடர்ந்து, சென்னை மாநிலமும் 1955இல் சங்கீத நாடக சங்கம் ஒன்றை அமைத்தது. அதுவே பின்னர் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் எனப் பெயர் மாறியது. அம்மன்றம் வழங்கும் கலைமாமணி விருது, தொடக்கத்தில் கலா சிகாமணி என்று வழங்கியது. எழும்பூரையடுத்துப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் அமைந்த அரசு கவின்கலைக் கல்லூரி இவையனைத்துக்கும் மூத்தது; 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தாமே தொடங்கிய பள்ளி அது. இவ்வாறு தனித்தனியே முளைத்த ஸ்தாபனங்களை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்ததே 1991ஆம் ஆண்டின் ஏற்பாடு. இசைக் கல்லூரிகளும் கவின்கலைக் கல்லூரிகளும் 2013இல் நிறுவப்பெற்ற இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு பின்னர் இணைக்கப்பட்டன.

மாமல்லபுரத்துக் கல்லூரி 1957இல் ஒரு பயிற்சி நிலையமாகத் தோன்றியது. பிள்ளையார்பட்டி ஸ்தபதி குலத்தைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவராயிருந்தார். அவருடைய குமாரர் வை. கணபதி ஸ்தபதி, 1960களின் தொடக்கம் முதல் ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டுக் காலம் அதனை நடத்தினார். கற்சிற்பம், சுதைச் சிற்பம், உலோகச் சிற்பம், மரச் சிற்பம், மரபுக் கட்டடக் கலை, மரபு ஓவியம் ஆகியன இங்கே பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. அதுகாறும் தந்தையிடமிருந்து மகனும், மாமனிடமிருந்து மருமகனும் உளி பிடித்துக் கற்று வந்த ஒரு வித்தை, சிற்ப சாத்திரங்களின் அளவு முறையும் வரைபடமும் செய்முறையும் சேர்ந்த பாடத் திட்டமாகி, எக்குலத்துப் பிள்ளைக்கும் திறந்துவிடப்பட்டது என்பதே இதன் பெருமை. பழைய சம்பிரதாயத்தின் நுட்பம் குறைந்துவிடுமோ என்று அஞ்சியவர்களுக்கு, கன்னியாகுமரிக் கடலின் பாறைமீது 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று திறந்துவைக்கப்பெற்ற 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையே விடையளித்தது. அதை வடிவமைத்து முடித்தவர் இக்கல்லூரியை வளர்த்த அதே கணபதி ஸ்தபதி. ஹவாய்த் தீவுகளில் எழுந்த இறைவன் கோயிலும் அவர் வகுத்த திட்டப்படி அமைந்ததே. இன்று மாமல்லபுரத்துத் தெருக்களில் கல் செதுக்கும் பட்டறைகள் நெருங்கி நிற்பதற்கும், அவ்வூர்க் கற்சிற்பம் புவிசார் குறியீடு பெற்ற பண்டமாக உயர்ந்ததற்கும் பரம்பரைச் சிற்பிகளின் உழைப்போடு இக்கல்லூரியின் பயிற்சியும் துணை நின்றது.

இதற்கு இணையான பணி மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நடைபெறுகின்றது. மாநிலத்தில் பதினேழு இடங்களில் உள்ள இப்பள்ளிகளில் குரலிசை, தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில் ஆகியவை மூன்றாண்டுப் படிப்பாகப் பயிற்றுவிக்கப்படுகின்றன. வயலினும் வாய்ப்பாட்டும் நகரத்துத் தனியார் ஆசிரியர்களிடமும் கிடைக்கக்கூடியவை. நாகசுரமும் தவிலும் அப்படிப்பட்டவை அல்ல. குறிப்பிட்ட குடும்பங்களில் விடியற்காலைச் சாதகத்தோடு வளர்ந்த அவ்வித்தைகளை வெளியிலிருந்து ஒரு சிறுவன், அதிலும் ஒரு சிறுமி, கற்க விரும்பினால் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை அரசு உண்டாக்கித் தந்தது சாமானியமான காரியம் அன்று. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஜவகர் சிறுவர் மன்றங்கள் பாட்டும் நடனமும் ஓவியமும் சொல்லித் தருகின்றன. இவற்றைத் தவிர, பறையாட்டம், கரகாட்டம், சிலம்பாட்டம் போன்றவற்றுக்கென அண்மை ஆண்டுகளில் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்களும் ஏற்பட்டுள்ளன.

இரண்டாவது கடமையாகிய கலைஞர் நலன் பெரும்பாலும் இயல் இசை நாடக மன்றத்தின் வழியாகவும், 2007இல் தொடங்கப்பெற்ற நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் வழியாகவும் நிறைவேற்றப்படுகின்றது. நலிந்த நிலையிலுள்ள முதிய கலைஞர்களுக்கு மாத உதவித் தொகை, இசைக் கருவியும் ஆடை அணிகலனும் வாங்க நிதி, வாரிய உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, திருமண உதவி, ஈமச் சடங்குச் செலவு ஆகியன இவ்வகை உதவிகளுள் சில. மாவட்டக் கலை மன்றங்கள் வயதுக்கேற்பக் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என ஐவகை விருதுகள் வழங்குகின்றன. விருதினால் ஒரு கலைஞன் தன் ஊராரிடம் அடையும் மதிப்பை நாம் குறைத்து எண்ணலாகாது. எனினும் ஆட்டக்காரனின் ஆண்டு வருமானம், ஆடிக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட ஊர்த் திருவிழாக்களில் அவனுக்கு எத்தனை இரவு ஆட்டம் கிடைக்கிறது என்பதையே சார்ந்தது. பதக்கமும் பாராட்டிதழும் அதற்கு ஈடாகா.

பழைய செங்கற்பட்டு ஜில்லா முழுவதும் பரவியிருந்த தெருக்கூத்தின் நிலையைக் கொண்டு இதை விளக்கலாம். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும், இரவில் அன்றைய பாரதப் பகுதியின் கூத்தும், இறுதி நாளில் மண்ணால் துரியோதனன் உருவம் வகுத்துப் படுகளமும், மாலையில் தீமிதியுமாக நடக்கும் உற்சவத்தில், கூத்து என்பது வேடிக்கை அன்று. அனுஷ்டானத்தின் ஓர் அங்கம். அதனைப் பதினைந்து நிமிஷ நிகழ்ச்சியாக்கி நகரத்து மேடையில் ஏற்றும்போது கட்டை என்னும் மர அணிகலனும் கிரீடமும் மிஞ்சுகின்றனவேயன்றி, விடியும்வரை அமர்ந்து காணும் ஊர் மிஞ்சுவதில்லை. மூன்றாவது கடமையாகிய விழாக்களுள், 2007இல் தொடங்கிப் பின்னர் நின்று, 2023இல் நம்ம ஊரு திருவிழா என்னும் பெயருடன் மீண்டும் கலை பண்பாட்டுத் துறையால் நடத்தப்பெற்ற சென்னை சங்கமம், கிராமக் கலைஞர்களுக்குத் தலைநகரில் ஊதியமும் மதிப்பும் தேடித் தந்தது உண்மை. அந்த நன்மையை மறுப்பார் இலர். ஆனாலும் அதே பொருளில் ஒரு பங்கைத் திரௌபதி அம்மன் கோயில் ஊர்களுக்கே மானியமாகக் கொடுத்து, பாரதக் கூத்தைப் பதினெட்டு நாளும் குறைவின்றி நடத்தச் செய்தால் அக்கலை தன் வேரிலேயே தழைக்கும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கமும் அதன் குருகுலமும், பள்ளிக் கல்வியோடு கூத்தையும் சேர்த்து ஆண் பெண் இருபாலார்க்கும் கற்பித்து, நடிகர்களின் சொந்த முயற்சியால் என்ன சாதிக்கலாம் என்பதைக் காட்டின.

அரசுக்கு வெளியே நிகழ்ந்த முயற்சிகளுக்கு இக்கடற்கரை பேர்பெற்றது. கவின்கலைக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தம் மாணாக்கரான ஓவியர் பலரோடு சேர்ந்து, முட்டுக்காட்டுக்கு வடக்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். கைவினைப் பொருள் விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி ஓவியர்கள் தாமே குடியேறிய அவ்விடம், அரசுக் கல்லூரி ஒன்று தன் சுவர்களுக்கு அப்பால் ஈன்ற குழந்தை என்று கூறத்தகும். முட்டுக்காட்டிலேயே அமைந்துள்ள தட்சிணசித்ரா 1996 டிசம்பர் 14ஆம் நாள் திறக்கப்பட்டது. டெபோரா தியாகராஜன் 1984இல் தோற்றுவித்த மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் அதனை நடத்துகிறது. லாரி பேக்கர் வகுத்த அமைப்பின்படி எழுந்த அப்பத்து ஏக்கர் வளாகத்தில், இடிபட இருந்த செட்டிநாட்டு வீடும் அக்கிரகாரத்து வீடும் நெசவாளர், குயவர் மனைகளும் கேரளம், கன்னடம், ஆந்திரம் ஆகிய நாடுகளின் இல்லங்களும், தூணும் உத்தரமும் கதவும் கலையாமல் பெயர்த்துக் கொணரப்பட்டு மீண்டும் கட்டப்பெற்றுள்ளன. கல்வெட்டையும் படிமத்தையும் காப்பதற்கு அருங்காட்சியகம் உண்டு. சாமானியர் குடியிருந்த வீட்டைக் காக்கும் கடமையோ அரசுத் துறைகளின் கவனத்துக்குப் பெரும்பாலும் வருவதில்லை. அக்குறையை ஓர் அறக்கட்டளை நிறைவு செய்திருப்பது பாராட்டுக்குரியது. 

பிற நாடுகளில் இக்கடமை வேறு விதமாகப் பகிரப்பட்டுள்ளது. பிரிட்டன் 1946இல் கலைகளுக்கென ஒரு கழகத்தை அமைத்து, மானியம் யாருக்கு என்று தீர்மானிக்கும் உரிமையை அமைச்சரிடமிருந்து விலக்கி வைத்தது; பிரான்சு 1959இல் ஆந்திரே மால்ரோவின் கீழ்ப் பண்பாட்டுக்கெனத் தனி அமைச்சையே நிறுவியது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாண சபைகள் ஏற்பட்ட பின், வட மாகாணத்தில் கல்வியும் பண்பாட்டலுவல்களும் விளையாட்டும் இளைஞர் விவகாரமும் ஒரே அமைச்சின்கீழ் வைக்கப்பட்டன. பண்பாட்டைப் பள்ளிக்கூடத்தோடு பிணைத்த அந்த ஏற்பாட்டுக்கும், தமிழ்நாட்டில் அதனைச் சுற்றுலாவோடும் அறநிலையத்தோடும் ஒரே செயலகத் துறையில் இணைத்த ஏற்பாட்டுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. சுற்றுலாவோடு பிணைந்த பண்பாடு வருவோரின் கண்ணுக்கு இனிதாவதையே பெரிதும் நோக்கும், கல்வியோடு பிணைந்ததோ உள்ளூர்ப் பிள்ளையை நோக்கும்.

உள்ளூர்ச் சமூகங்களின் பாட்டையும் வழிபாட்டையும் பேணும் பகுதியே தமிழ்நாட்டுக் கலை பண்பாட்டுத் துறையின் பணியில் மெலிந்தது. முட்டுக்காட்டுக் கரிக்காட்டுக் குப்பத்தை 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அழித்தபின், அம்மக்களுக்கு வேறிடத்தில் வீடு கட்டித் தந்தது நிவாரணப் பணி. வலை இழுக்கையில் அவர்கள் பாடிய அம்பாப் பாடல்களைத் தொகுத்து வைப்பது யார் பணி என்பதோ தெளிவாக இல்லை. மீனவர் நலன் மீன்வளத் துறையிடமும், இருளர் என்னும் பழங்குடியினரின் நலன் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையிடமும் இருக்க, அவர்களுடைய பாட்டும் வழிபாடும் கதையும் இரு துறைக்கும் இடையே நழுவிவிடுகின்றன. ஆண்டுதோறும் மாசி மகப் பௌர்ணமியில் இருளர் குடும்பங்கள் பல மாவட்டங்களிலிருந்து மாமல்லபுரக் கடற்கரைக்கு வந்து, மணலில் கூடாரமிட்டுத் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, பெண் பார்த்து நிச்சயித்துத் திருமணமும் முடித்துத் திரும்புகின்றனர். இவ்விழா எந்த அலுவலகத்தின் அழைப்பினாலும் தோன்றியதன்று. மேடையும் ஒலிபெருக்கியும் அதற்கு வேண்டுவதும் இல்லை. குடிநீர், விளக்கு, கழிப்பிடம் ஆகியவற்றைக் குறைவின்றி அமைத்து, அவர்கள் தங்கும் மணற்பரப்பை விடுதிகளும் வேலிகளும் விழுங்காமல் காத்து, பெரியவர்கள் இசைந்தால் அவர்களுடைய பாடல்களை ஒலிப்பதிவு செய்து அச்சமூகத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கே ஒரு படி கொடுப்பது, கலை பண்பாட்டுத் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டிய வேலை. 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்து, முன்பு காஞ்சிபுரத்தை நோக்கியிருந்த இப்பகுதிக்கென ஒரு மாவட்ட நிர்வாகம் அருகிலேயே வந்துவிட்டபடியால், அதனைத் தொடங்குவதற்குத் தூரமும் இனித் தடையாகாது.