வெளிநாட்டு வேலைக்குக் குடிபெயர்வு அனுமதி: சட்டம் யாரைக் காக்கிறது, யாரைத் தவறவிடுகிறது?

பெங்களூரு: குவைத்தில் ஓட்டுநர் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, காக்ஸ் டவுனில் வசிக்கும் ஒருவர் புறப்படத் தயாராகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கையில் கடவுச்சீட்டு இருக்கிறது. அறிமுகமான ஒருவர் விசா வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் விமானம் ஏறுவதற்கு முன் மத்திய அரசின் ஓர் அலுவலகம் அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. இந்த அனுமதிக்குக் 'குடிபெயர்வு அனுமதி' என்று பெயர். இது யாருக்குத் தேவை, எப்படிப் பெறுவது, இதன் வலையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

காக்ஸ் டவுனுக்குப் புலம்பெயர்வு புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தபோது, படைவீரர்களாகவும் வணிகர்களாகவும் கட்டடத் தொழிலாளர்களாகவும் தமிழர்கள் இங்கு வந்து குடியேறினர். அன்றைய சிவில் மற்றும் ராணுவ நிலையத்தின் கலெக்டராக இருந்த ஏ.ஆர். காக்ஸின் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதியிலும், அருகிலுள்ள அல்சூர், பிரேசர் டவுன் பகுதிகளிலும் இன்றும் தமிழ் தெருமொழியாக இருக்கிறது.

எந்தச் சட்டம், எந்த அலுவலகம்?

இந்தியாவில் இருந்து வேலைக்காக வெளிநாடு செல்வதை ஒழுங்குபடுத்துவது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். இலங்கை, மலேயா தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்பிய காலத்தில் இயற்றப்பட்ட 1922ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இது வந்தது. எழுபதுகளில் வளைகுடா நாடுகளின் எண்ணெய் வளம் இந்தியத் தொழிலாளர்களை ஈர்க்கத் தொடங்கிய பிறகு, தோட்டக் காலத்துச் சட்டம் போதுமானதாக இல்லை.

சட்டத்தை நடைமுறைப்படுத்துபவர் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் உள்ள குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலர். அவருக்குக் கீழே சென்னை, கொச்சி, மும்பை, ஹைதராபாத், டெல்லி உள்ளிட்ட நகரங்களில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகங்கள் இயங்குகின்றன; பெங்களூருவும் இந்தப் பட்டியலில் உண்டு. கடவுச்சீட்டு அலுவலகம் வேறு, இது வேறு. இரண்டும் ஒரே அமைச்சகத்தைச் சேர்ந்தவை என்பதால் மக்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

யாருக்கு அனுமதி தேவை?

பொதுவாகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்களின் கடவுச்சீட்டில் 'இ.சி.ஆர்.' என்ற குறிப்பு இடம்பெறும். குடிபெயர்வு அனுமதி தேவை என்பது இதன் பொருள். வருமான வரி செலுத்துபவர்கள், 50 வயதைக் கடந்தவர்கள், மூன்று ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு விலக்கு உண்டு.

இந்தக் குறிப்பு உள்ளவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்காகச் செல்லும்போது மட்டுமே அனுமதி பெற வேண்டும். சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஈராக், ஜோர்டான், லெபனான், சிரியா, ஏமன், லிபியா, சூடான், தெற்கு சூடான், ஆப்கானிஸ்தான், மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகியவையே அந்த நாடுகள். சிங்கப்பூர் இதில் இல்லை என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

செவிலியர்களுக்குத் தனி விதி. படிப்பு எதுவாக இருந்தாலும், இந்த 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் செவிலியர்கள் 2015 முதல் அனுமதி பெற்றாக வேண்டும். இ.சி.ஆர். கடவுச்சீட்டுடன் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் 30 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களை அரசு முகமைகள் வழியாகவே தேர்வு செய்யலாம்.

முகவரும் கட்டணமும்

காக்ஸ் டவுன் ஓட்டுநரின் கதைக்குத் திரும்புவோம். அவர் முதலில் பார்க்க வேண்டியது விசாவை அல்ல. விசா தருவதாகச் சொல்பவரின் பதிவுச் சான்றிதழை. பதிவு பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள்சேர்ப்பதைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு தடை செய்கிறது. பதிவு பெற விரும்பும் முகவர் 50 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் அளிக்க வேண்டும். சிறு முகவர் என்றால் 8 லட்சம் ரூபாய். தொழிலாளியை ஏமாற்றினால் இந்தத் தொகையில் அரசு கை வைக்க முடியும் என்பதே இதன் நோக்கம்.

முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதனுடன் ஜி.எஸ்.டி. ரசீது தருவது கட்டாயம். இதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் சட்டவிரோதம். ஆனால் லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுச் செல்வோரே அதிகம் என்பதை வளைகுடாவில் உறவினர் இருக்கும் எந்தக் குடும்பமும் அறியும்.

இந்த இடைவெளியை நிரப்புபவர்கள் துணை முகவர்கள். தெருவில், தேநீர்க் கடையில், திருமண வீட்டில் அறிமுகமாகி, 'எனக்குத் தெரிந்த கம்பெனி' என்று பேச்சைத் தொடங்குபவர்கள் இவர்களே. சட்டம் இவர்களை அங்கீகரிக்கவில்லை. எனவே இவர்களிடம் கொடுத்த பணத்துக்கு ரசீதும் இல்லை, வங்கி உத்தரவாதமும் இல்லை.

அனுமதி கிடைக்கும் முறை

விண்ணப்பம் முழுவதும் 'இ-மைக்ரேட்' இணையதளம் வழியாக நடக்கிறது. இதன் புதுப்பிக்கப்பட்ட பதிப்பும் கைப்பேசிச் செயலியும் 2024 அக்டோபரில் அறிமுகமாயின. வெளிநாட்டு முதலாளி இதில் பதிவு செய்து, எத்தனை பேர், என்ன வேலை, எவ்வளவு ஊதியம் என்பதைத் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகல், விசா, காப்பீடு ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகு பாதுகாவலர் அலுவலகம் அனுமதி அளிக்கிறது. விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி அதைக் கணினியில் பார்த்தே முத்திரை இடுவார். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியலும், பதிவு ரத்தானவர்களின் விவரமும் இதே தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி உள்ளன.

காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இ.சி.ஆர். பிரிவினருக்குக் கட்டாயமான 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' திட்டத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய் தவணை, வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். மருத்துவச் செலவு, வேலை தொடர்பான வழக்குச் செலவு, நாடு திரும்பும் விமானக் கட்டணம் ஆகியவற்றுக்கும் வரம்புக்கு உட்பட்டு இடம் உண்டு. முதலாளியை மாற்றினாலும் காப்பீடு தொடரும். ஆனால் காலாவதியான பிறகு புதுப்பிக்காமல் விட்டால் எதுவும் இல்லை. பாலிசியின் நகலைக் குடும்பத்தாரிடம் கொடுத்துச் செல்லாததால், இழப்பு நேர்ந்தபோது அப்படியொரு காப்பீடு இருப்பதே வீட்டில் தெரியாமல் போக வாய்ப்புண்டு.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பற்றியது. 45 இந்தியர்களின் உடல்களுடன் இந்திய விமானப்படை விமானம் இரண்டு நாள்களில் கொச்சி வந்து சேர்ந்தது. அங்கு இறக்கப்பட்ட 31 உடல்களில் 23 கேரளத்தைச் சேர்ந்தவர்களுடையவை, 7 தமிழ்நாட்டவர்களுடையவை, ஒன்று கர்நாடகத்தைச் சேர்ந்தவருடையது. ஒப்பந்தத் தாளில் 'தங்குமிடம்' என்று இருக்கும் ஒற்றைச் சொல்லை இந்திய அலுவலகம் சரிபார்க்கலாம். அந்தத் தங்குமிடம் எப்படி இருக்கிறது என்பதை மேற்பார்வை செய்யும் அதிகாரம் அந்த நாட்டு அரசிடமே உள்ளது.

வலையின் ஓட்டைகள்

சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை சுற்றுலா விசா. இ.சி.ஆர். கடவுச்சீட்டு உள்ளவர்களும் வேலையைத் தவிர்த்த பிற காரணங்களுக்குப் பயணம் செய்ய அனுமதி தேவையில்லை. எனவே முகவர் ஒருவர் பயணியைச் சுற்றுலா விசாவில் அனுப்பி, அங்கே சென்ற பின் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று கூறினால், பாதுகாவலர் அலுவலகத்தின் பதிவேட்டில் அந்தப் பயணியின் பெயரே இருக்காது. காப்பீடு இருக்காது. ஒப்பந்தமும் இருக்காது.

இரண்டாவது ஓட்டை, 18 நாடுகள் என்ற வரம்பு. ரஷ்யா இப்பட்டியலில் இல்லை. உதவியாளர் வேலை, பாதுகாவலர் வேலை என்று சொல்லி அங்கு அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள் உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்ட விவகாரத்தில் மத்தியப் புலனாய்வுப் பிரிவு 2024 மார்ச்சில் வழக்குப் பதிந்து, சென்னை, மதுரை உள்ளிட்ட நகரங்களில் சோதனை நடத்தியது. கர்நாடகத்தின் கலபுர்கி மாவட்ட இளைஞர்களும் இவ்வாறு சிக்கினர். அவர்களில் சிலர் அந்த ஆண்டு செப்டம்பரில் நாடு திரும்பினர். மியான்மரின் மியாவாடியும் பட்டியலுக்கு வெளியே உள்ள இடம்தான். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூறி அங்கே கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டனர். அவர்களில் பலர் படித்தவர்கள் என்பதால் தாய்லாந்துக்கும் அவர்களுக்கு அனுமதி தேவைப்படவில்லை. படிப்பறிவு குறைந்தவர்களுக்கே ஆபத்து என்ற 1983ஆம் ஆண்டின் கணிப்பு இங்கே பொய்த்துப் போனது.

மூன்றாவது, சொந்தத் தொழில். சட்டத்தின் பார்வையில் குடிபெயர்வு என்றால் வெளிநாட்டில் ஒருவரிடம் வேலைக்குச் சேரப் புறப்படுவது. 2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, கர்நாடகத்தின் ஹக்கி பிக்கி பழங்குடியினர் அங்கு சிக்கியிருப்பது தெரியவந்தது. தமிழ்நாட்டு நரிக்குறவர்களோடு மொழி உறவு கொண்ட இச்சமூகத்தினர் மூலிகைப் பொருள்களை விற்க ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்றுவருபவர்கள். எல் ஃபாஷர் நகரில் 31 பேர் உணவின்றித் தவிப்பதாக அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சித்தராமையா ட்விட்டரில் எழுத, வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் அதற்குக் காட்டமாகப் பதிலளித்தார். 'ஆபரேஷன் காவேரி' மூலம் பெங்களூரு வந்து சேர்ந்த 362 பேரில் பெரும் எண்ணிக்கையினர் இச்சமூகத்தவர். சூடான் 18 நாடுகளில் ஒன்றுதான். ஆனால் இவர்களுக்கு முதலாளி இல்லை, ஒப்பந்தம் இல்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் இவர்கள் குடிபெயர்வோரும் இல்லை.

ஏமாற்றப்பட்டால் என்ன செய்வது?

பதிவின்றி ஆள்சேர்ப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும், 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தின் 24ஆவது பிரிவு வகை செய்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிர்ணயிக்கப்பட்ட இந்த அபராதம், இன்று ஒரு பயணியிடம் பறிக்கப்படும் தொகையின் சிறு துளி. எனவே காவல்துறை பெரும்பாலும் மோசடிக் குற்றப் பிரிவுகளையும் சேர்த்தே வழக்குப் பதிகிறது.

முக்கியமான ஒரு நுணுக்கம்: இச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்டவரே புகார் அளித்தால், அல்லது அவர் சார்பில் தாய், தந்தை, கணவன், மனைவி, மகன், மகள், சகோதரன், சகோதரி ஆகியோரில் ஒருவர் புகார் அளித்தால் அந்த அனுமதி தேவையில்லை. 'டெல்லியிலிருந்து உத்தரவு வர வேண்டும்' என்று சொல்லிப் புகாரை வாங்க மறுப்பவர்களிடம் இந்த 27ஆவது பிரிவை எடுத்துக் காட்டலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் 'மதத்' இணையதளம் வழியாகத் தூதரகத்துக்குப் புகார் அனுப்பலாம். தூதரகச் சேவைக் கட்டணங்களில் இருந்து திரட்டப்படும் இந்தியச் சமூக நல நிதி, தற்காலிகத் தங்குமிடம், விமானச்சீட்டு, இறந்தவரின் உடலை அனுப்புதல் போன்றவற்றுக்குப் பயன்படுகிறது. இந்தியாவில் உள்ள குடும்பத்தார் 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

தனியார் முகவரை நாட விரும்பாதவர்களுக்கு அரசு நிறுவனங்களும் உள்ளன. தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. கேரளத்தில் ஒடெபெக், நோர்கா ரூட்ஸ். கர்நாடகத்தில் திறன் மேம்பாட்டுத் துறையின் பன்னாட்டுக் குடிபெயர்வு மையம். காலியிடங்கள் குறைவு, காத்திருப்பு அதிகம் என்ற குறை இவற்றின் மீது உண்டு.

எதிர்த்திசைப் பயணம்

பெங்களூருக்கு வேலைக்காக வரும் வெளிநாட்டவரைக் கண்காணிப்பது வெளியுறவு அமைச்சகம் அல்ல, உள்துறை அமைச்சகம். சாந்திநகர் பேருந்து நிலைய வளாகத்தில் உள்ள வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம் இதன் நகர முகம். 180 நாள்களுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வருபவர் 14 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வேலை விசாவுக்கு ஆண்டு ஊதியம் குறைந்தது 16.25 லட்சம் ரூபாயாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. அயல்நாட்டு உணவுச் சமையல் கலைஞர்கள், மொழி ஆசிரியர்கள் போன்றோருக்குத் தளர்வு உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்கள் நீங்கின. காக்ஸ் டவுன் போன்ற பகுதிகளில் விருந்தினர் விடுதி நடத்துபவர்கள், தங்க வரும் வெளிநாட்டவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

உள்ளே வருபவர்களுக்கான சட்டம் இவ்வாறு புதுப்பிக்கப்பட்டுவிட்டது. வெளியே செல்பவர்களுக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்ற 2019இலும் 2021இலும் வரைவுகள் வெளியாயின, இரண்டும் சட்டமாகவில்லை. 2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் மூன்றாவதாக ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.