இருவாய்ச்சியும் காடர் காவலும்

கேரளத்துச் சாலக்குடியாற்றை அடுத்த வாழச்சால் மழைக்காட்டில் வாழும் காடர், முன்னர் இருவாய்ச்சிக் குஞ்சுகளை உணவின்பொருட்டு எடுத்து வந்தனர். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், பறவை ஆய்வாளருடன் இணைந்து அக்கூடுகளைக் கணக்கிட்டுக் காக்கலாயினர். இதனை அறியாமை நீங்கிய வரலாறு என்பாருமுளர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று.

பெடை மரப்பொந்தினுட் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, சேவல் சிறு பிளவின் வழியே இரையூட்டும். சேவல் வீழின் உள்ளிருப்பன பட்டினியுறும். எம்மரத்திற் பொந்துண்டு, அஃது எப்பருவத்தில் அடைபடும் என்பவற்றை வழிவழியாக அறிந்தோர் காடரே. குஞ்செடுக்க உதவிய அவ்வறிவே கூடுகளின் கணக்கிற்கும் முதலாயிற்று. ஆய்வாளர் தந்தது பதிவுமுறை, அதுவும் சிறிதன்று.

காவல் தொடங்கிப் பல்லாண்டு கழிந்து, 2014இல்தான், வாழச்சாலின் ஒன்பது காடர் குடியிருப்புகள் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்வழிச் சமூக வன உரிமை எய்தின.