கூடிப் பாடும் மரபு

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்ட தமிழர் தம்முடன் கொண்டு சென்ற உடைமைகளுள் எடையில்லாதது பாட்டு ஒன்றே. அப்பாட்டைக் கூடிப் பாடிய வரலாறு, போலாரத்தில் வாழும் நாம் அறியத் தக்கதாகும்.

1798-ஆம் ஆண்டு நமக்கு இருவகையில் நினைவுக்குரியது. அவ்வாண்டில் ஐதராபாத் நிஜாம் ஆங்கிலக் கம்பெனியாருடன் படைத்துணை உடன்படிக்கை செய்துகொண்டார். அதன் பயனாக 1806-இல் செகந்திராபாத் நகரம் தோன்றியது. சென்னைப் படையுடன் தமிழரும் சிப்பாய்களாக, எழுத்தர்களாக, வணிகர்களாக இங்கு வந்து சேர்ந்தனர். நிஜாமுக்குரிய மற்றொரு படையின் தங்குமிடமாகப் போலாரம் வளர்ந்தது. இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயம் 1847-இல் எழுந்தது.

அதே 1798-இல் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரியணை ஏறினார். அவர் காலத்தில் சோழநாட்டில் இரண்டு கூட்டிசை மரபுகள் செழித்தன. ஒன்று, மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் முறைப்படுத்திய பஜனை சம்பிரதாயம். மற்றொன்று, வேதநாயகம் சாஸ்திரியார் வளர்த்த கிறிஸ்தவக் கீர்த்தனை.

சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தார், ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்றார், 1864-இல் மறைந்தார். குறவஞ்சி என்னும் நாட்டு வடிவத்திலேயே 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். பின்னர் வந்த பாதிரிமார் சிலர் தமிழிசையை விலக்க முற்பட்டபோது, 1829-இல் எழுத்து மூலம் எதிர்த்து நின்றார். அவ்வெதிர்ப்பிலேயே சாதிப் பிரிவினைக்கும் அவர் பரிந்து பேசினார் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. அவர் பாட்டை ஏற்போம்; அப்பிரிவினையைத் தள்ளுவோம்.

கீர்த்தனையின் அமைப்பே கூட்டத்திற்கென ஏற்பட்டது போன்றது. ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றையோர் அதனை வாங்கிப் பாடுவர். சரணந்தோறும் பல்லவி மீண்டு வரும். எழுத்தறியாதவரும் இரண்டாம் முறையில் சேர்ந்து கொள்வர். பஜனையிலும் இதுவே முறை.

இதனை ஒத்த வழக்கம் கடல் கடந்த நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில், இசைப்பயிற்சி இல்லாத குடியானவரும் பாடுமாறு சுரங்களுக்கு வெவ்வேறு வடிவம் தந்து அச்சிட்டனர். பா முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், மி சாய்சதுரம். 1801-இல் இம்முறையில் ஒரு பாடநூல் வெளிவந்தது. 1844-இல் 'சேக்ரட் ஹார்ப்' என்னும் புகழ்பெற்ற தொகுப்பு தோன்றியது. பாடுவோர் நான்கு பக்கமும் எதிரெதிராக அமர்வர். நடுவில் நின்று பாட்டை நடத்தும் பொறுப்பு ஒருவர் பின் ஒருவராக மாறும். முதலில் சுரம் பாடிப் பின்னரே சொற்களைப் பாடுவர். கேட்பதற்கென்று அங்கே தனிக்கூட்டம் இல்லை. இன்றும் இவ்வழக்கம் நடந்து வருகிறது.

அந்த அமெரிக்காவிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்த எட்வர்டு வெப் என்பார், தம் நாட்டுப் பாட்டை நம்மவர் மேல் சுமத்தவில்லை. தமிழ்க் கீர்த்தனைகளையே திரட்டி 1853-இல் நூலாக வெளியிட்டார். மக்கள் வாயில் வாழ்வது அவர்தம் இசையே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவற்றால் நாம் பெறும் பாடம் யாது? கேட்போர் வேறு, பாடுவோர் வேறு என்று பிரிந்தால் பாட்டு மேடைக்கு உரியதாகிவிடும். அனைவரும் பாடினால் அது வீட்டுக்கு உரியதாக நிலைக்கும். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும் இந்தியும் பயில்கின்றனர். அது வேண்டியதே. ஆயினும் தமிழ் எழுத்தை அறியாத பிள்ளையும் தமிழ்ப் பாட்டை வாங்கிப் பாட வல்லது. பாட்டின் வழியே சொல் வரும்; சொல்லின் வழியே மொழி வரும்.

ஆகவே ஆண்டு விழாவுக்குப் பாடகரை அழைத்துக் கேட்பதோடு நாம் அமைந்துவிடலாகாது. திங்களுக்கு ஒரு மாலையேனும், தேவாரமோ பஜனையோ கீர்த்தனையோ, அவரவர் அறிந்ததைப் பிள்ளைகளுடன் வட்டமாக அமர்ந்து பாடுவோமாக. அடியெடுத்துக் கொடுக்கும் பொறுப்பை முறைவைத்து இளையோரிடம் ஒப்படைப்போமாக. முன்னோர் சுமந்து வந்த எடையற்ற செல்வம் நம் கையில் தவறிவிடாதிருக்க இதுவே வழி.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!