பாதிப் பெட்டிகளோடு சுழலும் சக்கரம்

வேலணைத் தீவின் சரவணையில் நான் சிறுவனாக இருந்த எழுபதுகளின் பிற்பகுதியில், கோயில் திருவிழா என்றால் எங்களுக்கு மூன்று விடயங்கள்தாம் முக்கியம். கச்சான் கடை, ஐஸ்பழ வண்டி, ராட்டினம். சுவாமி வீதியுலா வருவது அதற்கு அடுத்தபடிதான் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அந்த ராட்டினத்தில் மோட்டார் கிடையாது. இரண்டு மரத்தூண்கள், அவற்றின் மேல் ஓர் இரும்பு அச்சு, அதில் நான்கு மரக்கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு பெட்டி. ராட்டினக்காரர் கையாலேயே சுற்றுவார். காலையில் நாங்கள் போகும்போது அவர் அச்சுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருப்பார்; மரக்கைகளை விரலால் தட்டித் தட்டி ஓசை கேட்பார்.

ஓர் ஆண்டு, தேர்த்திருவிழாவன்று, நான்கு பெட்டிகளில் இரண்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். ஆண்டிலேயே அதிகக் காசு சேரும் நாள் அது. வரிசையில் நின்ற நாங்கள் கூச்சலிட்டோம். அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: "தம்பி, ஒரு கையிலை வெடிப்பு இருக்கு. ஏறின பிள்ளையள் முழுசா இறங்கவேணும்." வெடிப்பு ஒரு கையில்தானே, எதிர்க்கையின் பெட்டியையும் ஏன் கழற்றினீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "பாரம் சரிவரவேணும்" என்றார். அன்று அவருக்குப் பாதி வருமானம். எங்களுக்குப் பாதி மகிழ்ச்சி. அவர்மீது கோபத்தோடுதான் வீடு திரும்பினேன்.

அந்தக் கோபம் முற்றாகத் தீர்ந்தது சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில். உறவினர் ஒருவரைப் பார்க்கப் போனவன், பிராட்டர் பூங்காவில் உள்ள பெரும் ராட்டினத்தின் முன் நின்றேன். அந்தச் சக்கரத்தின் வரலாறு, பழைய இயந்திரம் ஒன்றை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கான பாடம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

உலகின் முதலாவது பெரும் ராட்டினம் 1893இல் சிகாகோ பொருட்காட்சிக்காக எழுந்தது. அமைத்தவர் ஜோர்ஜ் பெரிஸ் என்ற பொறியியலாளர். ஏறத்தாழ 80 மீற்றர் உயரம், 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். பதின்மூன்றே ஆண்டுகளில், 1906இல், அதனை வெடிவைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக்கினார்கள். அதைப் பார்த்து ஆங்கிலேயப் பொறியியலாளர் வோல்ட்டர் பாசெட் ஐரோப்பாவில் நான்கு சக்கரங்களை நிறுவினார். இலண்டனின் சக்கரம் 1907இல் போயிற்று. பாரிஸ் சக்கரம் 1920இல் அகற்றப்பட்டது. அதன் பெட்டிகள், முதலாம் உலகப் போரில் வீடிழந்த குடும்பங்களுக்கு வீடுகளாயின. பிளாக்பூல் சக்கரம் 1928இல் மறைந்தது. எஞ்சியது வியன்னாவினது மட்டுமே.

பேரரசர் முதலாம் பிரான்ஸ் யோசப்பின் ஆட்சிப் பொன்விழாவையொட்டி, 1897இல் அது எழுப்பப்பட்டது. உயரம் 64.75 மீற்றர். அதன் கட்டமைப்பு வடிவமைப்பில் பங்கேற்றவர்களுள் ஒருவரான ஹியூபர்ட் செசில் பூத்தான் பின்னர் தூசு உறிஞ்சும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர். தொடக்கத்தில் 30 பெட்டிகள். 1916இல் அதை இடித்துவிட அனுமதி வழங்கப்பட்டது. ஆனால் இடிக்கப் பணமில்லை! வறுமை காப்பாற்றிய சின்னங்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் இதுவும் ஒன்று.

1919இல் எட்வார்ட் ஸ்டெய்னர் என்ற யூத வணிகர் அதனை வாங்கினார். உடைத்து விற்கும் எண்ணத்தில் வாங்கியவர், உடைக்காமல் வாடகைக்கு விட்டார். அதனால் சக்கரம் பிழைத்தது. 1938இல் நாஜிகள் ஒஸ்திரியாவை விழுங்கியபோது அது அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமில் அவர் கொல்லப்பட்டார். போரின் இறுதிக் கட்டத்தில் சக்கரமும் தீக்கிரையாகி, பெட்டிகள் எரிந்து, வெறும் இரும்பு எலும்புக்கூடாக நின்றது.

நகரமே இடிபாடாகக் கிடந்த அந்நாள்களில் வியன்னா மக்கள் அதைத் திருத்தத் தொடங்கினார்கள். 1947இல் அது மீண்டும் சுழன்றது. ஆனால் 30 பெட்டிகளோடு அல்ல. நெருப்பைக் கண்ட பழைய இரும்பு முழுப் பாரத்தையும் தாங்குமா என்ற ஐயம் எழுந்ததால், ஒன்றுவிட்டு ஒன்றாக 15 பெட்டிகளை மட்டுமே மாட்டினார்கள். இன்றைக்கும் 15தான்.

இதை அறிந்த கணத்தில் எனக்குச் சரவணை ராட்டினக்காரர் நினைவுக்கு வந்தார். பாரத்தைக் குறை, குறைத்த பாரத்தையும் சமன் செய். பட்டம் பெற்ற பொறியியலாளர்கள் வந்து சேர்ந்த முடிவுக்கு, மரத்தை விரலால் தட்டிப் பார்த்த அந்த மனிதரும் வந்து சேர்ந்திருக்கிறார்.

உலோகம் ஒருநாள் பாரத்தால் உடைவதைவிட, பலநாள் பாரத்தால் களைத்து உடைவதே அதிகம். 1842இல் பிரான்சின் வெர்சாய் அருகே ரயில் எஞ்சின் ஒன்றின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜேர்மன் பொறியியலாளர் ஔகுஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, தாங்கக்கூடிய பாரமேயானாலும் இலட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் இரும்பில் மயிரிழை வெடிப்பு தோன்றி வளரும் என்று நிறுவினார். ராட்டினம் என்பது, பாரம் ஏறி இறங்குவதையே தொழிலாகக் கொண்ட இயந்திரம். ஆகவே அதன் வயதைச் சுற்றுகளால்தான் கணக்கிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காணச் சாயம் ஊற்றிப் பார்க்கிறார்கள். காந்தத்தாலும் மீயொலி அலைகளாலும் சோதிக்கிறார்கள். புதுவண்ணம் பூசுவது பராமரிப்பு ஆகாது. சில வேளைகளில் அந்த வண்ணமே வெடிப்பை மறைக்கும் திரையாகிவிடும்.

முறையாகப் பேணினால் முதுமை ஒரு குறையன்று. மெல்பேண் லூனா பார்க்கில் 1912 முதல் ஓடும் மரத்தாலான மலைரயிலில், இன்றும் ஒரு தடுப்பாளர் வண்டியின் நடுவே நின்று கையால் வேகத்தை அடக்குகிறார். மாறாக, 2019 ஜூலையில் அகமதாபாத் காங்காரியா ஏரிக்கரையில் ஊசல்போல் ஆடும் ராட்டினம் முறிந்து விழுந்து இருவர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சென்னை தாம்பரத்தை அடுத்த கேளிக்கைப் பூங்காவில் 2016 மே மாதம் நடந்த விபத்தில் இறந்தவர் பார்வையாளர் அல்லர். சோதனை ஓட்டத்தில் இருந்த ஊழியர். இயந்திரத்தைப் பேணுவோரே அதன் முதற்பலி ஆகின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருத்தித் திருத்தி ஓட்டுவது எங்கள் தீவகத்தாருக்குப் புதிதன்று. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே ஓடிய குமுதினிப் படகை எல்லோரும் அறிவர். 1985 மே 15ஆம் நாள் நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டது அந்தப் படகில்தான். அதன் பின்னரும் அது பலமுறை திருத்தப்பட்டு மக்களைச் சுமந்தது. வேறு வழியின்மை ஒரு காரணம். விட்டுவிட மனமின்மை இன்னொரு காரணம். வியன்னா மக்களும் 1945இல் இதே மனநிலையில்தான் இருந்திருப்பார்கள் என நினைக்கிறேன்.

1990, 1991 ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளோடு தீவக மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். ராட்டினக்காரர் எங்கே போனார், அவரது ராட்டினம் என்னவாயிற்று என்று விசாரித்தேன், சொல்வாரில்லை. ஊர் இன்று மெல்லத் திரும்பியிருக்கிறது. வெளிநாடுகளிலிருந்து திருவிழாவுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக வருகிறோம். லொறியில் வந்து இறங்கும் மின்சார ராட்டினங்கள், வண்ண விளக்குகளுடன், முழுப் பெட்டிகளோடும் சுழல்கின்றன. ஜேர்மனியில் இத்தகைய இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் பரிசோதனைப் புத்தகம் உண்டு. ஊர் ஊராகப் போகும்போது அதுவும் கூடவே போகும்.

கடந்த முறை ஊருக்குப் போனபோது, அப்படியொரு ராட்டினத்தை இயக்கிய இளைஞரிடம், அச்சைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "ஐயா, ஏறப்போறீங்களோ, இல்லையோ?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பொறுமையிழந்தார்கள். நான் ஏறவில்லை. என்னோடு வந்த பிள்ளைகளையும் ஏறவிடவில்லை. அவர்களும் என்மீது கோபத்தோடுதான் வீடு திரும்பினார்கள்.