கட்டுப்பெட்டி ஊரும் வெளிநாட்டு ஆசிரியரும்: திருவண்ணாமலையை முன்வைத்து ஒரு வாதம்

ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு புறப்படுகிறவர்கள் தங்களுக்குள் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: பழைமையில் ஊறிய வட்டாரத்துக்குப் போகலாமா, வேண்டாமா? உடை, உணவு, ஆண் பெண் பழக்கம், மதம் என்று எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, அங்குள்ள பண்பாட்டைக் குலைத்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் ஆசாரமான ஊர் ஆங்கிலத்தைக் கண்டால் மிரளும் என்ற முன்முடிவு அந்தக் கவலைக்குள் ஒளிந்திருக்கிறது. திருவண்ணாமலையில் அது எடுபடாது. இந்த ஊர் எதில் கறார், எதில் தாராளம் என்று பிரித்துப் பார்த்தால், வரலாமா வேண்டாமா என்ற முடிவு வருகிறவரின் மனசாட்சிக்கு உரியதே அல்ல என்று தெரியும். அது யாருக்கு உரியது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

ஊரின் நவீன வரலாறே ஓர் ஆங்கில வீட்டுப்பாடத்தில் தொடங்குகிறது. மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவர் வேங்கடராமனுக்கு, பெயின் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிவரும்படி தண்டனை. 1896 ஆகஸ்ட் 29 அன்று அதைப் பாதியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார், அண்ணன் கடிந்துகொண்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணமாக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு ரயிலேறியவர், செப்டம்பர் 1இல் அண்ணாமலையார் சன்னதியில் நின்றார். பின்னாளில் ரமண மகரிஷி ஆன அவரைத் தேடி 1911இல் வேலூரிலிருந்து காவல்துறை அதிகாரி ஹம்ப்ரீஸ் வந்தார். 1934இல் வெளியான பால் பிரன்டனின் நூல் மேற்குலகையே இந்தப் பக்கம் திருப்பியது. 1935 முதல் 1939 வரை ரமணரின் ஆசிரமத்தில் நடந்த உரையாடல்களை முனகால வேங்கடராமையா பதிவு செய்ததும் ஆங்கிலத்தில்தான். பாங்காக்கின் சுலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஆர்தர் ஆஸ்போர்ன் பின்னாளில் இங்கே குடியேறி, 1964இல் ‘தி மவுன்டன் பாத்’ இதழைத் தொடங்கினார். இலக்கணப் பாடத்தை விட்டெழுந்து வந்தவரின் பின்னாலேயே ஆங்கிலமும் ஊருக்குள் வந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இன்று ஆசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையில் நிற்கும் ஆட்டோக்காரரின் ஆங்கிலத்தில் இறந்தகாலம் அநேகமாகக் கிடையாது; பேரத்தில் அதனால் அவர் தோற்பதும் கிடையாது. பள்ளிகளின் பக்கம் திரும்பினாலும் இதே கதைதான். பிரதோஷம் தவறாத, வீட்டில் முட்டைகூட நுழையாத குடும்பங்கள்தாம் மெட்ரிகுலேஷன் பள்ளி வேனுக்கு முன்கூட்டியே பணம் கட்டுகின்றன. அரசுப் பள்ளிகளிலும் 2012-13 கல்வியாண்டு முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெரிய அளவில் தொடங்கப்பட்டன. பெற்றோர் தனியார் பள்ளிகளுக்குப் போவதைத் தடுக்க அரசுக்குக் கிடைத்த வழி அது. ஆசாரமும் ஆங்கிலமும் இங்கே ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

அப்படியானால் ஊர் கறாராக இருப்பது எதில்? பெண்பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், யார் பக்கத்தில் உட்காருகிறாள், கைபேசி எண்ணை யாருக்குக் கொடுக்கிறாள் என்பதில். இன்னொன்று, பாடத்தோடு சேர்த்து ஏதாவது மதப் பிரசங்கம் வருகிறதா என்பதில். இரண்டாவது கவலைக்கு வயது அதிகம். 1785 வாக்கில், தஞ்சையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்த ஜான் சல்லிவன் போட்ட திட்டத்தின்படி, ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்கினார். 1787இல் கம்பெனி இயக்குநர் குழு பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் ஒதுக்கியது. மாணவர்களில் பெரும்பாலோர் மேல்தட்டு இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். தந்திரமாக மதத்தைப் புகட்டலாகாது என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. ஆங்கிலத்தைக் கொடு, சாமியைத் தொடாதே என்ற இந்த உடன்பாடு 200 ஆண்டுகளுக்கு மேலாகியும் மாறவில்லை. வெளிநாட்டு ஆசிரியர் தோளை மூடும் சுடிதார் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். உடையில் பிழை செய்தால் ஊர் பெரும்பாலும் மன்னித்துவிடும். உடன்பாட்டை மீறினால் மன்னிக்காது.

இதே வட்டாரத்துக்கு வந்து, ஆங்கிலத்தை முன்னிறுத்தும் கல்வி வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு வெளிநாட்டு ஆசிரியையும் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஆன் மேரி பீட்டர்சன், பெண்கள் பள்ளி ஒன்றை நிறுவும் நோக்கத்தோடு 1909இல் டேனிஷ் மிஷன் சார்பில் இந்தியா வந்தார். திருவண்ணாமலையை உள்ளடக்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு, டேனிஷ் மிஷனின் களம். திருவண்ணாமலையின் டேனிஷ் மிஷன் பள்ளி அந்தத் தொடர்பில் வந்ததே. பீட்டர்சன் வளர்ந்தது டேனிஷ் சிந்தனையாளர் கிரண்ட்விக்கின் மக்கள் உயர்நிலைப் பள்ளி மரபில். பள்ளியில் லத்தீன் கோலோச்சியதை எதிர்த்து, குடியானவன் பிள்ளைக்குத் தாய்மொழியில் பேச்சும் பாட்டும் வரலாறும் கொடு என்று வாதாடியவர் கிரண்ட்விக். அந்த மரபில் வந்தவருக்கு, சென்னை மாகாணத்தில் அரசு மானியத்துக்காகவும் தேர்வுக்காகவும் நடந்துகொண்டிருந்த பள்ளிகள் எப்படிப் பட்டிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஆங்கிலம் அவருக்கும் அயல்மொழி என்பதையும் மறக்கக் கூடாது. 

1917இல் அவர், திருக்கோவலூரில் பணிபுரிந்த இளம் ஆசிரியை எஸ்தர் ஃபேரிங்கோடு அகமதாபாத் சென்று காந்தியைச் சந்தித்தார். எஸ்தர் காந்தியோடு கொண்ட நெருக்கத்தை மிஷனும் விரும்பவில்லை, அரசாங்கமும் விரும்பவில்லை. இறுதியில் அவர் மிஷனை விட்டே விலகினார். 1920இல் பீட்டர்சன் காந்திக்கு எழுதிய கடிதம் ‘யங் இந்தியா’வில் வெளிவந்தது. மிஷனை விட்டு அவரும் விலகி, பரங்கிப்பேட்டையில் தேசியக் கிறித்தவப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1921இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. அரசு மானியம் வேண்டாம், தமிழில் பாடம், கையில் ராட்டை என்று நடந்த அந்தப் பள்ளி ‘சேவா மந்திர்’ என்ற பெயரில் நிலைத்தது. பீட்டர்சன் 1951இல் இறக்கும்வரை அந்த ஊரையே தன் ஊராகக் கொண்டார்.

இந்த வாழ்க்கையைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அந்த முடிவை அப்படியே ஏற்க முடியவில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லும் வசதி, அது ஏற்கெனவே கைவசம் இருப்பவர்களுக்கே இருந்தது. காந்தியிடம் அது இருந்தது, பீட்டர்சனிடமும் இருந்தது. சேரியிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பெண்ணிடம் இல்லை. வீட்டிலேயே ஆங்கிலம் பேசிப் பழகச் சொன்ன பெரியார் இந்த இடைவெளியை நன்றாகக் கண்டுகொண்டவர். மொழிப்பற்றைச் சீண்டும் அவருடைய பேச்சுகளுக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்குதான். 1968 ஜனவரியில் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானம், தமிழ்நாட்டில் ஆங்கிலத்தின் இடத்தை அரசியல் உடன்பாடாகவே ஆக்கிவிட்டது. ஆகவே ‘பண்பாட்டைக் கெடுத்துவிடுவேனோ’ என்று தயங்கி ஒதுங்குகிற வெளிநாட்டவர், இங்கே நூறாண்டுகளாக நடந்து முடிந்த ஒரு விவாதத்தைத் தன் பெட்டியில் புதிதாகத் தூக்கிக்கொண்டு வருகிறார். பீட்டர்சனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: தமிழில் பள்ளி நடத்தினார், நாற்பதாண்டுகள் இருந்தார்.

இன்றைய சிக்கல் இந்த இருப்பில்தான் இருக்கிறது. திருவண்ணாமலைக்கு வெளிநாட்டவர் வரும் பருவம் கார்த்திகை தீபத்தை ஒட்டிச் சூடுபிடித்து, ஜனவரி, பிப்ரவரியில் உச்சம் தொட்டு, வெயில் ஏறும் மார்ச்சில் வடிந்துவிடுகிறது. பள்ளி நாட்காட்டியோ ஜூனில் தொடங்குகிறது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, பிறகு விடுமுறை, ஜனவரியில் பொங்கல், அதன்பின் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திருப்புதல் தேர்வுகள், மார்ச்சில் பொதுத்தேர்வு. ‘இரண்டு மாதம் இருப்பேன், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தரட்டுமா?’ என்று அன்போடு கேட்கிறவர், பள்ளிக்கு மூச்சுவிட நேரமில்லாத வாரங்களில் வந்து நிற்கிறார். தலைமையாசிரியர் மறுக்கவும் மாட்டார். வந்த விருந்தாளியிடம் முகத்தை முறித்துப் பேசும் பழக்கம் நம்மிடம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது பீரியடைக் கொடுத்துவிடுவார். 

அங்கே நடப்பதை ஊகிப்பது கடினமல்ல. பிள்ளைகள் எழுந்து ‘குட் மார்னிங் மிஸ்’ என்று ராகம் இழுக்கிறார்கள். பாட்டு, கைதட்டல், விலங்குகளின் பெயர்கள், வகுப்பே குதூகலிக்கிறது. வலப்பக்க பெஞ்சுகளில் பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். முடிக்காத போர்ஷன் கையிலிருக்க, அந்த வகுப்பின் ஆங்கில ஆசிரியை கடைசி வரிசையில் நிற்கிறார். வந்தவர் ஊருக்குப் போன மறுநாள், ‘அந்த மிஸ் மாதிரி நீங்க ஏன் பேசமாட்டேங்கிறீங்க?’ என்ற கேள்வியை எதிர்கொள்ளப்போகிறவர் அவர்தான். பண்பாட்டுச் சேதம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்: ஆண்டு முழுவதும் நிற்கப்போகிற ஆசிரியையின் சொல்லுக்கு இருந்த மதிப்பு, இரண்டு மாத விருந்தாளியால் குறைந்துபோவது. ராபர்ட் பிலிப்சன் 1992இல் வெளியிட்ட மொழி ஏகாதிபத்தியம் பற்றிய நூல், தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கையை ஒரு மாயை என்று காட்டியது. ஆனால் அவர் பேசியது அரசுகளையும் நிறுவனங்களையும் பற்றி. கடைசி வரிசையில் நிற்கும் ஆசிரியையை அந்த அளவுகோலில் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டின் அனுபவமோ இந்த மாயைக்கு எதிராகவே சான்று சொல்கிறது. 1959இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு சென்னை மாநிலம் ஓர் ஆங்கிலப் பயிற்சி இயக்கத்தைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த சிலருக்கு முதலில் பயிற்சி, அவர்கள் வழியாக மற்றவர்களுக்கு என்று 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள், பனியே பார்க்காத ஊருக்கு! கை மாற மாற எந்தப் பயிற்சியும் நீர்த்துப்போகும் என்பது இத்தகைய திட்டங்களுக்கு உள்ள பலவீனம். இருந்தாலும் வெளிநாட்டவர் உட்கார வேண்டிய இடம் ஆசிரியர்களின் நடுவில் என்பதை அந்தத் திட்டம் சரியாகவே கணித்திருந்தது. அதன் அமைப்புவழிப் பாடமுறையில் மனநிறைவு கொள்ளாத என்.எஸ். பிரபு, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியபடியே 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரண வகுப்பறைகளில் வேறொரு வழியைச் சோதித்தார். இலக்கணத்தை ஒதுக்கிவைத்து, ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போடவைத்தால் மொழி தானே படியும் என்பது அவர் கருதுகோள். 1987இல் வந்த அவருடைய நூலுக்குப் பிறகு, பணிவழிக் கற்பித்தலைப் பற்றிப் பேசும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடிவதில்லை. உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரப்படும் ஒரு முறையின் வேர் நம் வகுப்பறைகளில் இருக்கிறது. அது நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலேயே போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் மனக்குறை.

மாணவர்களையும் நாம் அப்பாவிகளாகக் கருத வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் மாணவர்களின் அமெரிக்கப் பாடநூல்களைப் புரட்டி, ஓரங்களில் அவர்கள் கிறுக்கியிருந்தவற்றை ஆராய்ந்தார். சினிமாவும் காதலும் விடுதலைப் போராட்டமும் அங்கே படங்களாகவும் வரிகளாகவும் நிறைந்திருந்தன. மாணவர்கள் பாடத்தை எதிர்த்து எழுந்துவிடவும் இல்லை, அதற்கு அடிபணியவும் இல்லை. தேர்வுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு, மற்றதை ஓரத்தில் வைத்துக் கேலி செய்தார்கள். போர்ச் சூழலிலேயே அவ்வளவு தெளிவாக இருந்த பிள்ளைகளைப் போன்றவர்கள்தாம் இங்கும் இருக்கிறார்கள். வெளிநாட்டு மிஸ் வந்து அவர்களுடைய பண்பாட்டைக் கரைத்துவிடுவார் என்று அஞ்சுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

அரசின் பார்வையும் கவனிக்கத்தக்கது. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு, பிரிட்டனைச் சேராத மிஷனரிகளிடம் விசுவாச உறுதிமொழி கேட்டது. சுதந்திர இந்தியாவின் வாயில் வேறு வகை. வேலைவாய்ப்பு விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய் என்று வைக்கப்பட்ட கீழ்வரம்பிலிருந்து, தம் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர்களுக்கும் மொழியாசிரியர்களுக்கும் விலக்கு உண்டு. ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை என்று விதி குறிப்பாகச் சொல்கிறது. பிரெஞ்சு கற்பிக்க வருபவருக்குத் திறக்கும் கதவு ஆங்கிலம் கற்பிக்க வருபவருக்குத் திறக்காது. நம்மிடம் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை என்பதே அதன் தர்க்கம். அதில் குறை காண முடியவில்லை. சுற்றுலா மின்விசாவில், காசு வாங்காமல், ஒரு மாதத்துக்கு மிகாத தன்னார்வப் பணிக்கு இடமுண்டு. ஒரு மாதத்தில் ஒரு மொழியைக் கற்பிக்க முடியாது. ஆனால் பத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து, அவர்கள் கூச்சமின்றி ஆங்கிலத்தில் பேசிப் பழக ஒரு மாதம் போதும்.

அதற்கும் வெளிநாட்டவரை யார் அழைப்பது? 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு மேலாண்மைக் குழுவை விதித்திருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், வருகிறவர் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று தெரிந்தவர்கள் அவர்கள். திருவண்ணாமலையில் கற்பிக்க விரும்பும் வெளிநாட்டவர் தன் மனசாட்சியைக் கேட்பதை விட்டு, ஜூன் மாதத்திலேயே அந்தக் குழுவிடம் விண்ணப்பம் கொடுக்கலாம்: எந்த வாரங்களில் வருவார், எந்த ஆசிரியர்களோடு உட்காருவார், எது தேவை என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்ற கேள்வியோடு. வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதற்கு எந்த விளக்கமும் தரத் தேவையில்லை.