ரப்பர் தேர்ந்தெடுத்த திரவம்

பிக்கப் வண்டியின் பிரேக் மிதியை அழுத்தும்போது காலின் விசையைச் சக்கரம்வரை கொண்டுபோவது ஏறத்தாழ ஒரு லிட்டர் திரவம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை வெளியேற்றிப் புதிதாக நிரப்ப வேண்டும். அமெரிக்காவில் பலர் இதை ஒரு விடுமுறை நாளில் வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறார்கள். மூடிய குழாய்க்குள் இருக்கும் திரவம் ஏன் கெடுகிறது, அதை ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு விடை, அந்தத் திரவத்தை ஒழுகாமல் அடைத்து நிற்கும் சிறிய ரப்பர் கிண்ணங்களின் வரலாற்றில் இருக்கிறது.

பிக்கப் பிறந்தபோது அதில் பிரேக் திரவமே கிடையாது. 1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரின் பின்புறத்தில் சரக்குப் பெட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதன் கால் பிரேக், சக்கரத்தைத் தொடாமல் கியர் பெட்டிக்குள் சுழலும் உருளையை ஒரு பட்டையால் இறுக்கியது. கை நெம்புகோல் பின்சக்கரங்களைப் பிடித்தது. அடுத்து வந்த மாடல் ஏ வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இருந்தது. விசையைக் கொண்டுபோனவை இரும்புக் கம்பிகள். கம்பி பிரேக்கின் தொல்லை, நான்கையும் ஒரே அளவாக வைத்திருப்பதில் இருந்தது. மூட்டுகள் தேயும், ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். பாரம் ஏற ஏற வில்பட்டைகள் தாழ்ந்து, கம்பிகளின் இழுப்பும் மாறும். சுமை தூக்கவே செய்யப்பட்ட வண்டிக்கு இது சிறிய குறை ஆகாது.

இதற்கான தீர்வு பழைய பௌதிகத்தில் இருந்தது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் பரவும் என்பதை விளக்கிய பிளேஸ் பாஸ்கலின் நூல், அவர் மறைந்த மறு ஆண்டு, 1663இல் வெளியாயிற்று. அதைச் சாலை வண்டிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மால்கம் லாக்ஹீட். விமான நிறுவனத்தால் பெயர் பெற்ற ஆலன் லாக்ஹீடின் உடன்பிறந்தவர். மிதியின் கீழ் ஒரு மாஸ்டர் சிலிண்டர், சக்கரங்களில் சிறு சிலிண்டர்கள், இடையே திரவம் நிறைந்த குழாய் என்பது அவர் அமைப்பு. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தம் போவதால் கம்பிகளைச் சமன்செய்யும் வேலை ஒழிந்தது. 1921 ஜூலையில் லெ மான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி ஓட்டி வென்ற டூசன்பர்க் காரில் திரவ பிரேக் இருந்தது. அதே ஆண்டு டூசன்பர்க் விற்பனைக்குக் கொண்டுவந்த மாடல் ஏ காரிலும் அது வந்தது.

ஆனால் ஓர் ஓட்டை மிச்சமிருந்தது. சிலிண்டருக்குள் பிஸ்டனோடு நகரும் அடைப்பு முதலில் தோலால் ஆனது. தோல் காய்ந்து சுருங்கும், திரவம் கசியும், மிதி தரைவரை போகும். 1924இல் வால்டர் கிறைஸ்லர் வெளியிட்ட தன் முதல் காரில் லாக்ஹீட் பிரேக்கைப் பொருத்துவதற்கு முன், அவருடைய பொறியாளர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பர் கிண்ணங்களை வைத்தார்கள். அழுத்தம் கூடும்போது ரப்பரின் உதடு சிலிண்டர் சுவரோடு இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். எளிய மாற்றம்தான், திரவ பிரேக்கை நம்பகமான பொருளாக ஆக்கியது அதுவே. ஷெவ்ரோலே 1936இல் திரவ பிரேக்குக்கு மாறியது. இரும்புக் கம்பியையே நம்பியிருந்த ஃபோர்டு 1939ஆம் ஆண்டு மாடல்களில்தான் இறங்கி வந்தது.

அன்றிலிருந்து எந்தத் திரவம் என்பதை ரப்பர் முடிவு செய்தது. இயந்திரங்களுக்கு ஊற்றும் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போய், நெகிழ்ந்து, கிண்ணம் சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் குளிரில் உறையும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தொடக்கத்தில் கிளிசரினையும் ஆல்கஹாலையும் பலவாறு கலந்து பார்த்தார்கள். நிலைத்து நின்றது ஆமணக்கு. தமிழ் வீடுகளில் விளக்கெண்ணெய் என்று பெயர் பெற்ற அந்த எண்ணெய் ரப்பரைக் கெடுப்பதில்லை. உராயும் பகுதிகளுக்கு வழுவழுப்பும் தரும். தனியாக அது மிகவும் கெட்டியானது என்பதால் ஆல்கஹால் சேர்த்து இளக்கினார்கள். சோவியத் நாட்டில் பாதி ஆமணக்கெண்ணெய், பாதி பியூட்டைல் ஆல்கஹால் கொண்ட சிவந்த பிரேக் திரவம் பல பத்தாண்டுகள் ஓடியது. அது தண்ணீரை அதிகம் ஏற்காது. ஆனால் கடுங்குளிரில் ஆமணக்கெண்ணெய் படிகமாகப் பிரியும், ஏறத்தாழ 115 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கவும் தொடங்கும்.

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இன்றும் 'பிரேக் ஆயில்' என்றுதான் சொல்கிறார்கள். ஆமணக்குக் காலத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும். இப்போதைய திரவத்துக்கு அது ஆபத்தான பெயர். பெயரை நம்பி யாராவது உண்மையிலேயே எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டால், மாஸ்டர் சிலிண்டர் முதல் கடைசிச் சக்கரம்வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதாகிவிடும். 1962இல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய, சென்னைப் பாடியில் இயங்கும் பிரேக்ஸ் இந்தியா போன்றவர்கள் விற்கும் திரவமும் எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று.

வண்டிகளின் வேகமும் பாரமும் கூடக் கூட பிரேக்கின் சூடும் கூடியது. டிஸ்க் பிரேக்கில் சூடேறிய பட்டைகளுக்கு நேர் பின்னாலேயே பிஸ்டனும் திரவமும் இருப்பதால், கொதிநிலை உயிர்ப் பிரச்சினையாயிற்று. திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தைச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். மிதிக்கிற விசையெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். படகையோ குதிரை ஏற்றிய டிரெய்லரையோ இழுத்துக்கொண்டு நீண்ட மலைச்சரிவில் இறங்கும் பிக்கப்புக்கு இது மிக மோசமான நேரத்தில் நேரும். ஆகவே கிளைக்கால் ஈதர் வகைத் திரவங்கள் ஆமணக்கின் இடத்தைப் பிடித்தன. உயர் கொதிநிலை, குளிரிலும் ஓடும் தன்மை, ரப்பரோடு ஒத்துப்போகும் குணம் என மூன்றும் அவற்றிடம் இருந்தன.

ஆமணக்கை விட்டதற்குக் கொடுத்த விலைதான் திரவ மாற்றம் என்ற வேலை. கிளைக்கால் ஈதர் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத்துளை வழியாகவும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாயின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்லப் புகுகிறது. வண்டி ஓடாமல் நின்றாலும் இது நடக்கும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். உள்ளே இரும்பு அரிக்கும். அமெரிக்க அரசின் 116ஆம் எண் பாதுகாப்பு விதி இதை எண்களாகவே எழுதிவைத்தது. 'டாட் 3' தரத் திரவம் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் கீழேயும், ஈரம் ஏறிய நிலையில் 140 டிகிரிக்குக் கீழேயும் கொதிக்கக் கூடாது. 'டாட் 4'க்கு அந்த எண்கள் 230, 155. ஈரம் ஏறிய நிலை என்பதற்கு 3.7 சதவீதத் தண்ணீர் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. இவ்வளவு சிறிய பங்கு நீர் 'டாட் 3'இல் 65 டிகிரியைத் தின்றுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், திரவத்தை மாற்றும் வேலையை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள்.

ஈரத்தை ஏற்காத திரவமும் வந்தது. சிலிக்கோனால் ஆன 'டாட் 5', ஊதா நிறம், 260 டிகிரி கொதிநிலை. நெடுநாள் கொட்டகையில் நிற்கும் வண்டிகளை வைத்திருந்த அமெரிக்க ராணுவம் 1980களின் தொடக்கத்தில் அதற்கு மாறியது. ஆனால் உள்ளே எப்படியோ வந்துசேரும் நீர் அதில் கலக்காமல் தனித்துளியாகத் தாழ்வான இடத்தில் தங்கும். நுண்ணிய காற்றுக் குமிழ்களும் எளிதில் வெளியேறாமல் மிதியைப் பஞ்சுபோல ஆக்கும். பொதுச் சாலை வண்டிகளில் அது பரவவில்லை.

வீட்டில் திரவம் மாற்றும் முறை, பட்டறையில் பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்கும் முறையிலிருந்தே வந்தது. ஒவ்வொரு சக்கர சிலிண்டரின் மேல்பக்கத்திலும் ஒரு சிறு திருகு முனை உண்டு. காற்று மேலே ஏறும் என்பதால் அது மேலே இருக்கிறது. ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஸ்பேனரால் திருகைத் தளர்த்துவார். அதில் மாட்டிய குழாயின் நுனி, திரவம் உள்ள கண்ணாடி ஜாடிக்குள் மூழ்கியிருக்கும். மிதி கீழே போய் நின்றதும் திருகை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்று உள்ளே இழுக்கப்படும். "பிடி", "விடு" என்று இரண்டே சொற்களில் தகப்பனும் பிள்ளையும் செய்துமுடிக்கிற வேலை இது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது பழைய வழக்கம். இடப்பக்கம் ஓட்டுநர் அமரும் அமெரிக்க பிக்கப்பில் அது வலப் பின்சக்கரம். நீண்ட உடல் கொண்ட வண்டியில் அந்தக் குழாய்க்குள் இருக்கும் பழைய திரவம் போய்த் தெளிந்த புதுத் திரவம் வர நேரமாகும். இதற்கிடையில் மேல்தொட்டி வற்றிவிடாமல் பார்க்க வேண்டும். வற்றினால் காற்று புகுந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க நேரும். சிந்திய துளி வண்டியின் பெயிண்டை உரித்துவிடும் என்பதால் பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் வைப்பார்கள்.

பிக்கப்பின் பின்சக்கர பிரேக் தனிச் சிக்கல். சரக்கு இல்லாதபோது பின்புறம் மிக இலேசாகி, சக்கரம் எளிதில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். அச்சு தாழ்வதைப் பார்த்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வுகளைச் சில வண்டிகளில் வைத்தார்கள். 1987இல் ஃபோர்டு எஃப் வரிசைப் பிக்கப்களில் பின்சக்கரப் பூட்டைத் தடுக்கும் ஏபிஎஸ் வழக்கமான பாகமாகவே வந்தது. அதற்குப் பின் நான்கு சக்கர ஏபிஎஸ் பரவியபோது, திரவத்தின் ஒரு பகுதி மின்வால்வுகள் நிறைந்த பெட்டிக்குள் தங்கத் தொடங்கியது. வழக்கமான திரவ மாற்றத்துக்கு மிதியும் ஜாடியும் இன்றும் போதும். அந்தப் பெட்டிக்குள்ளேயே காற்று புகுந்துவிட்டால், பல வண்டிகளில் கணினிக் கருவியை இணைத்து வால்வுகளைத் திறந்து மூடச் செய்தால்தான் அது வெளியே வரும்.